‘கணினி பழையதாகிவிட்டது’ என்னும் பொய்

இந்தியாவின் எந்த நகரத்திலாவது கணினி பழுதுபார்க்கும் கடை ஒன்றில் நுழைந்து, “மிகவும் மெதுவாக இயங்குகிறது” என்று சொல்லி மடிக்கணினியை மேசைமீது வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் ஒரே தீர்ப்புதான் கிடைக்கும்: “இது பழைய மாடல். இதில் பணம் போடாதீர்கள், புதியது வாங்கிவிடுங்கள்.” நாடி பிடித்துப் பாராமலேயே நோயாளியின் வீட்டாரிடம் பாடை கட்டச் சொல்லும் வைத்தியரை ஊர் விட்டுவைக்காது. ஆனால் இந்த வைத்தியரை நாம் நன்றி சொல்லிவிட்டு வருகிறோம். அடுத்த மாதமே தவணை முறையில் ஐம்பதாயிரத்துக்குக் கடனாளி ஆகிறோம்.

அந்தத் தீர்ப்பு பெரும்பாலும் பொய். அதை நம்பும்படி நம்மைப் பழக்கியிருக்கிறார்கள் என்பதும், பழக்கியவர்கள் யார் என்பதைப் பெயர் சொல்லிப் பேச வேண்டும் என்பதும் என் கட்சி. கணினி வன்பொருள் பற்றிய அறியாமை இந்நாட்டு மக்களுக்கு இயல்பாக அமைந்த குறை என்று நான் கருதவில்லை. பள்ளிப் பாடநூல், விற்பனையாளர், உற்பத்தியாளர், இயங்குதள நிறுவனம் ஆகிய நால்வரும் தத்தம் பங்குக்கு வளர்த்தெடுத்த பயிர் அது.

பாடநூலிலிருந்தே தொடங்குகிறேன். பத்தாண்டுகள் கணினி பயின்ற ஒரு மாணவரிடம் கணினியின் தந்தை யார் என்று கேளுங்கள். சார்லஸ் பாபேஜ் என்பார். முதல் தலைமுறைக் கணினியில் இருந்தது என்ன என்று கேளுங்கள். வெற்றிடக் குழல் என்பார். ‘மையச் செயலகமே கணினியின் மூளை’ என்னும் வாக்கியத்தை உறக்கத்திலும் ஒப்பிப்பார். அவர் கையில் இருக்கும் மடிக்கணினியில் 8 ஜிபி என்பது எது, 512 ஜிபி என்பது எது, இரண்டுள் எது போதாமையால் அது திணறுகிறது என்று கேட்டால் விழிப்பார். மேசைக்கடியில் நிற்கும் தகரப் பெட்டி முழுவதையும் ‘சிபியு’ என்று அழைக்கும் வழக்கம் காசுமீரம் முதல் குமரி வரை ஒன்றுபோல் இருப்பதற்கு அந்த மூளை உவமையே காரணம். உண்மையான சிபியு தீப்பெட்டியினும் சிறிய சில்லு. அந்தப் பெட்டிக்குள் அதைத் தவிர நாம் கழற்றி மாற்றக்கூடியவை எத்தனையோ உள்ளன என்பதை உவமையே மறைத்துவிட்டது. மூளையை யார் மாற்றுவார்? மூளை மூப்படைந்தால் உடலையே சுடுகாட்டுக்கு அனுப்ப வேண்டியதுதானே?

ஒன்றிய அரசு 2017இல் கொண்டுவந்த ஊரக எண்மக் கல்வியறிவுத் திட்டம் ஆறு கோடி வீடுகளை இலக்காகக் கொண்டது. பணம் செலுத்தவும், மின்னஞ்சல் அனுப்பவும், அரசு இணையதளத்தில் விண்ணப்பிக்கவும் அதில் கற்பித்தார்கள். நல்லதுதான், குறை சொல்லவில்லை. ஆயினும் ‘கல்வியறிவு’ என்னும் பெயர் எனக்கு உறுத்துகிறது. கருவியின் உள்ளே என்ன இருக்கிறது, அது கெட்டால் எது கெட்டது என்று எப்படி அறிவது, விற்பவர் சொல்லும் எண்ணுக்குப் பொருள் என்ன என்ற கேள்விகள் அந்தக் கல்விக்குள் வரவேயில்லை. நுகர்வோரை உருவாக்குவதற்குக் கல்வியறிவு என்று பெயரிட்டிருக்கிறோம்.

இனி நினைவகத்துக்கும் சேமிப்பகத்துக்கும் வருகிறேன். மற்றவற்றை மறந்தாலும் இதை மட்டும் விடாமல் பற்றிக்கொள்ள வேண்டும் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். நூலகத்தில் உட்கார்ந்து ஆய்வுக் கட்டுரை எழுதுகிறவரை எண்ணிக்கொள்ளுங்கள். அவர் முன்னுள்ள மேசை நினைவகம், அதாவது ராம். பின்னாலுள்ள புத்தக அடுக்குகள் சேமிப்பகம். மேசை பெரிதாயின் பத்து நூல்களைத் திறந்து வைத்துக்கொள்ளலாம். மேசை சிறிதாயின் ஒரு நூலை எடுக்கும்போதெல்லாம் இன்னொன்றை அடுக்கில் கொண்டுபோய் வைத்துவிட்டு வரவேண்டும். 4 ஜிபி ராம் உள்ள கணினியில் இன்றைய உலாவியில் பதினைந்து தாவல்களைத் திறந்தால் நிகழ்வது இதுவே: மேசையில் இடமில்லாமல் கணினி ஓயாமல் அடுக்குக்கும் மேசைக்கும் நடந்துகொண்டிருக்கிறது. கடைக்காரர் ‘1 டிபி மெமரி’ என்று கூவி விற்றபோது விற்றது அடுக்கின் நீளத்தை. மேசையின் அளவை அவர் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை.

அந்த நடையின் வேகமும் கேள்விக்குரியது. 2020ஆம் ஆண்டுக்கு முன் இந்தியாவில் விற்ற குறைந்த விலை மடிக்கணினிகளில் பெரும்பாலானவை சுழலும் ஹார்டு டிஸ்க் கொண்டவை. நிமிடத்துக்கு 5,400 முறை சுற்றும் தட்டின்மீது ஒரு முள் அங்குமிங்கும் தாவித் தரவைப் படிக்கிறது. ஓரிடத்திலிருந்து வேறிடம் சேர அதற்கு நூற்றில் ஒரு நொடிக்கு மேல் ஆகும். அதாவது நொடிக்கு நூறு முறைகூட அதனால் தாவ இயலாது. நகரும் உறுப்பே இல்லாத எஸ்எஸ்டியோ அதே வேலையை நொடிக்குப் பல்லாயிரம் முறை செய்யும். விண்டோஸ் தொடங்கும்போது ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைச் சிதறிய இடங்களிலிருந்து படிக்க வேண்டியிருக்கிறது. பிராசசர் என்னும் ‘மூளை’ அந்த நேரம் முழுவதும் வேலையின்றிக் காத்துக் கிடக்கிறது. நான்கைந்து நிமிடம் தொடங்கிக்கொண்டே இருக்கும் கணினியில் மூளைக்கு மூப்பு வரவில்லை. அடுக்கிலிருந்து நூலெடுத்து வருபவருக்குத்தான் முழங்கால் வலி.

வடஇந்தியப் பல்கலைக்கழகம் ஒன்றின் விடுதியில் என் பக்கத்து அறைத் தோழர் 2018இல் வாங்கிய மடிக்கணினியோடு இதே தீர்ப்பை வாங்கி வந்தார். “மதர்போர்டு வீக்” என்று கடையில் சொன்னார்களாம். மதர்போர்டு இயங்கும், அல்லது இயங்காது. இரத்தச்சோகை கண்டு மெலியும் மதர்போர்டை நான் இதுவரை கண்டதில்லை. கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்தோம். பிராசசர் நூற்றுக்குப் பன்னிரண்டு; நினைவகம் நூற்றுக்குத் தொண்ணூறு; டிஸ்க் நூற்றுக்கு நூறு, அதுவும் நகராமல். நோய் எங்கே என்று கணினியே எழுதிக் காட்டிக்கொண்டிருந்தது. ஓர் எஸ்எஸ்டியும் ஒரு 8 ஜிபி ராம் துண்டும் வாங்கினோம். சிறிய ஸ்க்ரூடிரைவர் ஒன்றும் ஒரு மாலைப்பொழுதும் போதுமானவையாக இருந்தன. அந்தக் கணினியில்தான் அவர் தம் ஆய்வேட்டின் கடைசி இரு இயல்களையும் எழுதினார்.

தேசியத் தகுதித் தேர்வில் இளநிலை ஆய்வு நல்கை பெறாத முனைவர் பட்ட ஆய்வாளருக்கு மத்தியப் பல்கலைக்கழகங்களில் பல்லாண்டுகளாக வழங்கப்பட்டுவந்த உதவித்தொகை மாதம் 8,000 ரூபாய். அவரிடம் போய் “புதியது வாங்கிவிடுங்கள்” என்பவர் ஆறு மாத வாழ்க்கையைக் கேட்கிறார் என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். இதே கணக்கைத் தட்டச்சு நிலையம் நடத்தும் பெண்ணுக்கும், வீட்டுக்கு ஒரு கணினியோடு இரு பிள்ளைகளைப் படிக்க வைக்கும் ஆட்டோ ஓட்டுநருக்கும் போட்டுப் பாருங்கள்.

இவ்விடத்தில் எப்போதும் எழும் மறுப்பு ஒன்று உண்டு. “கார் ஓட்டுகிறவன் எஞ்சினைப் பிரிக்கத் தெரிந்திருக்க வேண்டுமா? கணினியைப் பயன்படுத்துகிறவனுக்கு மட்டும் ஏன் இந்தச் சுமை?” படித்தவர்கள்தாம் இதை மிகுந்த நிறைவோடு சொல்கிறார்கள். உவமையை அவர்களே கொடுத்துவிட்டார்கள், அதையே எடுத்துக்கொள்வோம். கார் வைத்திருப்பவருக்கு டயர் தேயும் என்று தெரியும். எண்ணெய் மாற்ற வேண்டும், பேட்டரி சில ஆண்டுகளில் சாகும், எஞ்சின் கொதித்தால் ஓரம் கட்ட வேண்டும் என்று தெரியும். எந்த ஆண்டு வண்டி, லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று விரல்நுனியில் சொல்வார். டயர் தேய்ந்ததற்காகப் புதுக் கார் வாங்கச் சொல்லும் மெக்கானிக்கை அவர் ஊரெல்லாம் பழித்துத் திரிவார். கணினியில் எஸ்எஸ்டியும் ராமும் விசிறியும் பேட்டரியும் டயர் போன்றவை. எஞ்சினைப் பிரிக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. டயர் என்று ஒன்று உண்டு என்பதை மறைக்காதீர்கள் என்றுதான் கேட்கிறோம்.

விசிறி என்றதும் வெயில் நினைவுக்கு வருகிறது. மே மாத தில்லியிலோ நாக்பூரிலோ புழுதி படிந்த அறையில் மூன்றாண்டுகள் ஓடிய மடிக்கணினியின் அடிப்பாகத்தைத் திறந்து பார்த்தால், விசிறிக்கும் வெப்பத் தகடுகளுக்கும் நடுவில் கம்பளிபோல் ஒரு தூசிப் படலம் அடைத்துக்கொண்டிருக்கும். காற்று வெளியேற வழியில்லை. சில்லின் வெப்பம் அபாய எல்லையை நெருங்கும்போது அது தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்; அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள். ‘பழையதானதால் மெதுவாகிவிட்டது’ என்று நாம் எண்ணுவதில் பெரும்பங்கு இந்தத் தற்காப்புதான். தூசியை நீக்கி, உலர்ந்துபோன வெப்பப் பசையைத் துடைத்துப் புதியதாகத் தடவினால் இழந்த வேகம் திரும்பும். மெத்தையின்மீதும் தலையணையின்மீதும் மடிக்கணினியை வைத்துப் பயன்படுத்துகிறவர்கள் அதன் மூக்கைப் பொத்திப் பிடித்துக்கொண்டு ஓடச் சொல்கிறார்கள்.

அறிவு விலக்கப்பட்ட இடத்தில் சடங்கு குடியேறும். திரையின் வெற்றிடத்தில் வலது சொடுக்கிட்டு ‘ரெஃப்ரெஷ்’ அழுத்தும் வழக்கத்தைப் பாருங்கள். வங்கி அலுவலர், கல்லூரிப் பேராசிரியர், இணைய மையத்துச் சிறுவன் எல்லோரும் வேலை தொடங்குமுன் மூன்று முறை, ஐந்து முறை என்று அழுத்துகிறார்கள். அது திரையிலுள்ள குறும்படங்களை மீண்டும் வரைகிறது, அவ்வளவே. நினைவகத்தில் ஓர் எழுத்துகூட விடுபடுவதில்லை. இதற்கு மாறாக, உண்மையில் பயன்தரும் செய்தி ஒன்று பலருக்கும் தெரியாது. விண்டோஸ் 10, 11 ஆகியவற்றில் ‘ஷட் டவுன்’ கொடுத்தால், விரைவுத் தொடக்க வசதி இயங்கும் கணினிகளில், இயங்குதளத்தின் உட்கரு முழுதாக அணைவதில்லை; அதன் நிலையை வட்டில் எழுதி வைத்து மறுநாள் அப்படியே எழுப்புகிறது. நேற்றைய கோளாறும் அதோடு எழுந்து வருகிறது. ‘ரீஸ்டார்ட்’ கொடுத்தால்தான் யாவும் புதிதாகத் தொடங்கும். ஒவ்வொரு நாளும் அணைத்துத்தானே வைக்கிறேன் என்று சொல்பவரின் கணினி பல வாரங்களாக உண்மையில் அணையாமலே இருந்திருக்கலாம்.

‘ஃபார்மட்’ இன்னொரு சடங்கு. எந்த நோய்க்கும் கடைக்காரர் தரும் ஒரே கஷாயம். அதில் பிள்ளையின் பிறந்தநாள் படங்களும் அரைகுறை ஆய்வேடும் சேர்ந்து கரைந்துபோகும்.

உற்பத்தியாளர்களின் பெயரிடும் கலைக்குத் தனியாக ஒரு விருது வழங்கலாம். “ஐ5 வாங்கு, ஐ3 வாங்காதே” என்பது நம்மிடையே வேதவாக்கு. 2016இல் வெளிவந்த ஐ5-7200யு என்னும் சில்லில் உள்ள கோர்கள் இரண்டு. 2022இல் வெளிவந்த ஐ3-1215யு சில்லில் ஆறு. ஐ5 என்னும் முத்திரையைக் கண்டு பழையதற்கு மிகுதியாகப் பணம் கொடுத்தவர்கள் எத்தனை பேர்! ஒட்டுத்தாளில் பெரிதாக இருக்கும் எண்ணை விட்டுவிட்டு, அதன் பின்னால் சிறிதாக வரும் நான்கைந்து இலக்கங்களைப் படியுங்கள். தலைமுறை அங்கேதான் இருக்கிறது. ஏஎம்டி நிறுவனம் இன்னும் ஒருபடி மேலே சென்றது. ரைசன் 5 7520யு என்னும் பெயரில் 7 என்னும் முதல் இலக்கம் 2023ஆம் ஆண்டு வரிசையைக் குறிக்கிறது. சில்லின் உள்ளமைப்போ 2019இல் வந்த ஜென் 2. அதைச் சொல்வது மூன்றாம் இலக்கம். இந்த விசையைக் கையில் கொடுக்காமல் பெயரை மட்டும் கொடுப்பதை நான் ஏமாற்று என்றே சொல்வேன். சட்டப்படி அது ஏமாற்றாக இராமல் இருக்கலாம்.

512 ஜிபி என்று வாங்கிய எஸ்எஸ்டி கணினியில் 476 என்று காட்டுவதும் இந்த வகைதான். தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார். விண்டோஸ் 1,024 ஆக எண்ணிக்கொண்டு அதே பெயரை எழுதுகிறது. இங்கே யாரும் திருடவில்லை. ஆனால் வாங்குபவருக்கு விளக்கும் கடமை யாருக்கும் இருப்பதாகவும் தெரியவில்லை. இணைய நிறுவனம் விற்கும் 100 எம்பிபிஎஸ் என்பதும் அப்படியே: அது பிட் கணக்கு. எட்டால் வகுத்தால் நொடிக்கு பன்னிரண்டரை மெகாபைட். அதற்கு மேல் பதிவிறக்கம் வேகம் காட்டவில்லை என்று கணினியை நொந்து பயனில்லை.

உற்பத்தியாளரின் பெரிய குற்றம் பெயரில் இல்லை, ஈயப் பற்றவைப்பில் இருக்கிறது. மெல்லிய மடிக்கணினிகளில் ராமை மதர்போர்டோடு பற்றவைத்துவிடுகிறார்கள். மின்சாரத்தைச் சிக்கனமாகப் பயன்படுத்தும் ஒருவகை நினைவகத்தைச் சில்லுக்கு மிக அருகில் பற்றவைக்க வேண்டியிருக்கிறது என்பது உண்மையான தொழில்நுட்பக் காரணம், அதை மறுக்கவில்லை. ஆனால் 8 ஜிபியைப் பற்றவைத்து, கூடுதல் இடமும் வைக்காமல் விற்கும்போது, அந்தக் கணினியின் சாவு நாளையும் சேர்த்தே பெட்டியில் அடைத்து விற்கிறார்கள். அதைப் பெட்டியின்மீது அச்சிடுவதில்லை. இன்னும் மலிவான வகைகளில் 64 ஜிபி இஎம்எம்சி என்னும் சேமிப்பகத்தையே பற்றவைத்துக் கொடுக்கிறார்கள். விண்டோஸின் இரண்டு பெரிய புதுப்பித்தல்களில் அது நிரம்பிவிடும், மாற்ற வழியில்லை. ஏழை மாணவர்களுக்கென்று விளம்பரப்படுத்தப்படுபவை பெரும்பாலும் இவையே.

‘ஒட்டுத்தாளைக் கிழித்தால் உத்தரவாதம் இல்லை’ என்னும் மிரட்டலையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். கார்த் துறையில் இந்த வாதத்தை இந்தியப் போட்டி ஆணையம் 2014இலேயே கேட்டுத் தீர்த்தது. உதிரிப்பாகங்களை வெளிச்சந்தைக்கு விடாமலும், வெளியே பழுதுபார்த்தால் உத்தரவாதம் போய்விடும் என்று சொல்லியும் வந்த பதினான்கு கார் நிறுவனங்களுக்கு அபராதம் விதித்தது. வெளியே பழுதுபார்த்த ஒரே காரணத்துக்காக உத்தரவாதத்தை ஒட்டுமொத்தமாக மறுக்கக் கூடாது என்றும் ஆணையிட்டது. நுகர்வோர் விவகாரத் துறை 2022 சூலையில் பழுதுபார்ப்பு உரிமைக்கான குழுவை அமைத்தது. அவ்வாண்டு டிசம்பர் 24ஆம் நாள் அதற்கான இணையவாயில் திறக்கப்பட்டது. பழுதுபார்க்கும் எளிமைக்கு மதிப்பெண் இடும் குறியீட்டை ஆராய்ந்த குழு 2025இல் அறிக்கையும் தந்துவிட்டது. பிரான்சில் மடிக்கணினிகளுக்கு 2021 சனவரி முதலே அந்த மதிப்பெண்ணை விலைச்சீட்டுக்கு அருகில் காட்ட வேண்டும். நம்மிடம் இருப்பவை ஓர் இணையவாயிலும் ஓர் அறிக்கையும்.

இயங்குதள நிறுவனத்தின் பங்கு அண்மையது, அளவிலும் பெரியது. விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புக் கூறும், இன்டெல் எனில் ஏறத்தாழ எட்டாம் தலைமுறைச் சில்லும் வேண்டும். எட்டாம் தலைமுறை சந்தைக்கு வந்ததே 2017இன் பிற்பகுதியில். கடைகளில் தேங்கிய ஏழாம் தலைமுறைக் கணினிகளை 2018இல் வாங்கியவர்கள், நன்றாக ஓடும் இயந்திரத்தை வைத்துக்கொண்டு, ‘உங்கள் கணினி தகுதியற்றது’ என்னும் அறிவிப்பைத் திரையில் பார்த்தார்கள். பாதுகாப்புக் காரணம் முழுவதும் கற்பனை என்று நான் சொல்லவில்லை; குறியாக்கத் திறவுகோல்களைத் தனிச் சில்லில் வைப்பது நல்ல ஏற்பாடுதான். கேள்வி வேறு: அந்த நல்ல ஏற்பாட்டுக்கான செலவை இயந்திரத்தில் குறையேதும் இல்லாத மனிதர் ஏன் ஏற்க வேண்டும்?

அப்படிப்பட்ட கணினி வைத்திருப்பவர்களுக்கு மூன்று வழிகள் உள்ளன. மூன்றையும் விற்பனையாளர் சொல்லமாட்டார். தனிப் பயனர்களுக்கான நீட்டித்த பாதுகாப்புப் புதுப்பித்தலில் பதிவு செய்தால் 2026 அக்டோபர் 13 வரை கிடைக்கும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து அமைப்புகளை ஒத்திசைக்க இசைந்தால் பணம் கட்டவும் வேண்டாம். கணக்கு விவரத்தை விலையாகக் கொடுக்கிறோம் என்பதை அறிந்தே செய்யுங்கள். இரண்டாவது வழி லினக்ஸ். உபுண்டுவோ மின்டோ அதே பழைய இயந்திரத்தில் எவ்விதத் தகுதிச் சான்றும் கேட்காமல் நிறுவிக்கொள்ளும்; தமிழ்99 விசைப்பலகை உண்டு, லிப்ரெஆபீஸ் உண்டு, உலாவி உண்டு. கேரளத்து அரசுப் பள்ளிகள் பல ஆண்டுகளாகத் தமக்கென்று வடிவமைத்துக்கொண்ட லினக்ஸில்தான் கணினிப் பாடம் நடத்துகின்றன. அங்கே பிள்ளைகள் படிக்காமல் போய்விடவில்லை. குறைகளையும் சொல்லிவிட வேண்டும்: டேலி போன்ற சில மென்பொருள்கள் அதில் நேரடியாக ஓடா, சில அச்சுப்பொறிகள் முரண்டு பிடிக்கும். மூன்றாவது வழி, அந்தக் கணினியை இணையத்திலிருந்து துண்டித்து எழுத்துவேலைக்கு மட்டும் வைத்துக்கொள்வது. குடும்பத்தில் யாருக்கேனும் அது போதுமானதாக இருக்கும்.

தூக்கியெறியப்படும் கணினி எங்கே போகிறது என்பதையும் பார்த்துவிட்டுப் பேசுவோம். 2022இல் உலகம் உண்டாக்கிய மின்கழிவு 6.2 கோடி டன். அதில் முறைப்படி மறுசுழற்சியானது கால்பங்குக்கும் குறைவு. நாடுகளில் சீனம், அமெரிக்காவுக்கு அடுத்த மூன்றாம் இடம் நமக்கு: 41 லட்சம் டன். தில்லியின் சீலம்பூர்ச் சந்துகளில் மதர்போர்டுகளை வெறுங்கையால் பிரித்து, கம்பிகளைக் கொளுத்திச் செம்பு எடுக்கும் தொழிலாளர்களைப் பற்றிப் பல ஆய்வுகள் வந்துவிட்டன. எந்தப் பலகையில் எந்தச் சில்லு எங்கிருக்கும் என்பதைக் கண்ணால் பார்த்தே சொல்லக்கூடியவர்கள் அவர்கள். கணினியின் உள்ளுறுப்புகளை நாட்டிலேயே நன்கறிந்த ஒரு கூட்டத்தாரைப் பிணம் அறுக்க மட்டும் அனுமதித்திருக்கிறோம். நேரு பிளேஸ், லாமிங்டன் சாலை, எஸ்.பி. சாலை, ரிச்சி தெரு ஆகியவற்றின் மாடிப்படிக்கு அடியில் உட்கார்ந்து, உருப்பெருக்கியின் கீழ் மணலளவு கெபாசிட்டரை மாற்றி உயிர்ப்பிக்கும் கைவினைஞர்களும் இருக்கிறார்கள். என் கோபம் அவர்கள்மீது இல்லை. திறந்து பாராமல் தீர்ப்பளிப்பவர் வேறு, திறந்து பார்த்து உண்மை சொல்பவர் வேறு. இருவரையும் பிரித்தறியும் அளவுக்காவது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

எல்லாவற்றையும் நாமே செய்துவிடலாம் என்று கிளம்புவதும் மடமை. மேசைக்கணினியின் மின்வழங்கிப் பெட்டியைத் திறக்காதீர்கள். இணைப்பைப் பிடுங்கிய பின்னும் அதன் கெபாசிட்டர்களில் மின்னேற்றம் தங்கியிருக்கும். உப்பிய லித்தியம் பேட்டரியைக் குத்தியோ அழுத்தியோ உள்ளே தள்ள முயலாதீர்கள். உடனே பயன்பாட்டை நிறுத்தி, தெரிந்தவரிடம் கொடுத்துக் கழற்றுங்கள். உலோக உடல் கொண்ட மடிக்கணினியைத் தொட்டால் விரலில் மெல்லிய சுருசுருப்பு வருகிறதா? பெரும்பாலும் மூன்றுமுனைச் செருகியை இருமுனை மாற்றியில் செருகி, நில இணைப்பை நாமே அறுத்திருப்போம். சரியான எர்த் உள்ள மூன்றுமுனைப் பொருத்துவாய்க்கு மாற்றுங்கள்.

கடையில் கொடுக்கும் முன் ஒன்றைச் செய்தாக வேண்டும். புதிய விண்டோஸ் 11 கணினிகள் பலவற்றில் சேமிப்பகக் குறியாக்கம் நம்மைக் கேளாமலே இயங்கிக்கொண்டிருக்கிறது. மதர்போர்டை மாற்றினாலோ சில அமைப்புகளைத் தொட்டாலோ அது 48 இலக்க மீட்புத் திறவுகோலைக் கேட்கும். அது உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் கிடக்கிறது. அந்தக் கணக்கை வாங்கிய அன்று கடைப்பையன் தன் போக்கில் உருவாக்கிக் கொடுத்திருந்தால் கடவுச்சொல்லும் உங்களிடம் இராது. இன்றே எடுத்துக் காகிதத்தில் எழுதி வையுங்கள். காப்புநகல் பற்றி நீட்டி முழக்க விருப்பமில்லை. ஹார்டு டிஸ்க் சாகுமுன் பலநேரம் கடகடவென்று எச்சரிக்கும்; எஸ்எஸ்டி பெரும்பாலும் ஒரு சொல்லும் சொல்லாமல் போகும். மேகச் சேமிப்பகத்தோடு ஒத்திசைத்திருக்கிறேன் என்பது காப்புநகல் ஆகாது, ஏனெனில் இங்கே அழித்தால் அங்கும் அழியும். ஆய்வேடு எழுதுகிறவர்கள் தனி வட்டில் வாரம் ஒரு நகல் எடுத்து, அதைக் கணினிப் பையில் வைக்காமல் வேறு அறையில் வையுங்கள். பையோடு திருட்டுப்போன கதைகள் விடுதிக்கு விடுதி உண்டு.

இவற்றையெல்லாம் இப்போது எழுதக் காரணம் உண்டு. செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் உலகின் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொண்டு போவதால் ராம், எஸ்எஸ்டி ஆகியவற்றின் விலை ஏறிவருகிறது. மைக்ரான் நிறுவனம் சாதாரண வாடிக்கையாளருக்கான தன் குரூஷல் வணிகத்திலிருந்தே விலகுவதாக 2025 டிசம்பரில் அறிவித்துவிட்டது. புதிய மடிக்கணினிகளில் அதே விலைக்குக் குறைந்த ராம் வைக்கும் சோதனை வலுத்துக்கொண்டிருக்கிறது. ஆகவே கையிலுள்ள இயந்திரத்தை எறியுமுன் டாஸ்க் மேனேஜரில் நினைவகப் பக்கத்தைத் திறந்து, பயன்பாட்டிலுள்ள பொருத்திடங்கள் எத்தனை என்று பாருங்கள்; இரண்டில் ஒன்று என்றிருந்தால் உங்களுக்கு இன்னும் வழி இருக்கிறது. வாங்கியே தீரவேண்டுமெனில் கடைக்காரரிடம் நான்கு செய்திகளை விலைப்பட்டியலில் எழுதித் தரச் சொல்லுங்கள்: பிராசசரின் முழு எண், ராம் பற்றவைத்ததா கழற்றக்கூடியதா, காலிப் பொருத்திடம் உண்டா, சேமிப்பகத்தை மாற்ற முடியுமா. எழுதித் தர மறுத்தால் அடுத்த கடைக்குப் போங்கள். நான்காவது கடையில் எழுதிக் கொடுத்தார்கள்.